பெட்ரோலுக்கு ஒப்பாரி எதற்கு?

நண்பர் ஒருவர் அண்மையில் ஓர் இரங்கற் கட்டுரை எழுதியிருந்தார். மறைந்தவர் யாரென்று பதறிப் படித்தால், ஆள் எவரும் இல்லை, ஓர் எஞ்சின். போர்ஷே நிறுவனம் தன் 718 பாக்ஸ்டர், கேமன் ஆகிய பெட்ரோல் கார்களின் உற்பத்தியை 2025 அக்டோபரில் முடித்துக்கொண்டதை ஒட்டி எழுதப்பட்டது. நடை நன்றாகவே இருந்தது. கையறுநிலைத் துறைக்குரிய எல்லா உறுப்புகளும் பொருந்தியிருந்தன. ஆனால் கட்டுரையின் நடுத்தண்டாக நிற்கும் வாதம் ஒன்றுதான்: மின்சாரம் வந்தது, ஸ்போர்ட்ஸ் கார் செத்தது. அந்த வாதம் தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறோம். நண்பர் நம்மைப் பொறுத்தருள்வார். பொறுக்காவிட்டாலும் பாதகமில்லை, இருபது ஆண்டுகளாக அவரோடு சண்டையிட்டே நட்பு வளர்த்திருக்கிறோம்.

தமிழ் பயிற்றுவிக்கும் ஒருவருக்குக் கார்களைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நாம் கார் வாங்க வக்கற்றவர்கள் என்பதும், கல்லூரிக்கு இருசக்கர வண்டியில் போகிறவர்கள் என்பதும் நம் மாணவர்கள் அனைவரும் அறிந்த செய்தி. ஆயினும் சொல் குறைத்துப் பொருள் பெருக்கும் கலையைப் பாடமாகச் சொல்லிப் பிழைப்பவர்களுக்கு, எடை குறைத்து இன்பம் பெருக்கும் ஒரு பொறியியல் மரபின்மேல் ஈர்ப்பு ஏற்படுவதில் வியப்பில்லை. நன்னூல் ஒரு நூலுக்குச் சொல்லும் பத்து அழகுகளில் முதலாவது சுருக்கம். இங்கிலாந்தில் ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் அதையே இரும்பிலும் அலுமினியத்திலும் கண்ணாடி இழையிலும் செய்துகொண்டிருந்தார்.

காலின் சாப்மன் என்பது அவர் பெயர். 1952இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். எதையும் முதலில் எளிமையாக்கு, பிறகு அதில் இலேசைச் சேர் என்ற கருத்துப்பட அவர் சொன்னதாக ஒரு வாசகம் வழங்குகிறது. ‘இலேசைச் சேர்’ என்பதைக் கவனியுங்கள். எடையைக் கழி என்றிருந்தால் அது கணக்குப் பிள்ளையின் பேச்சு. இலேசு என்பதைச் சேர்க்கத்தக்க ஒரு பொருளாக எண்ணியவர் அவர். 1957இல் வந்த லோட்டஸ் செவன் ஒரு குழாய்ச் சட்டகம், நான்கு சக்கரம், இரண்டு இருக்கை. வேறு பேசத்தக்க எதுவும் அதில் இல்லை. எடை ஏறத்தாழ அரை டன். அதே ஆண்டில் எலீட் என்ற காரின் உடலையும் சட்டகத்தையும் ஒன்றாக்கிக் கண்ணாடி இழையில் வார்த்தார். 1962இல் லோட்டஸ் 25 பந்தயக் காரில் குழாய்ச் சட்டகத்தையே தூக்கியெறிந்து, தகட்டால் செய்த ஒற்றைக்கூட்டை ஃபார்முலா ஒன்றுக்குக் கொண்டுவந்தார். இலேசுக்காக உறுதியைப் பணயம் வைத்தார் என்ற குற்றச்சாட்டும் அவர்மேல் உண்டு. அது முழுக்கப் பொய்யும் அன்று. 1982 டிசம்பரில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1996இல் வந்தது எலீஸ். பிழிந்தெடுத்த அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த அடிச்சட்டம். அதன் எடை 70 கிலோவுக்கும் குறைவு. காரின் மொத்த எடை 725 கிலோ. எஞ்சினோ ஒரு சாதாரண ரோவர் 1.8 லிட்டர், 118 குதிரைத்திறன். இன்று ஒரு நடுத்தரக் குடும்பக் காரில் இருக்கும் திறன். அதைக் கொண்டுதான் பெரிய பெரிய இயந்திரங்களை வளைவுகளில் வெட்கப்பட வைத்தார்கள்.

2019 கோடையில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காக இங்கிலாந்து சென்றிருந்தோம். நாரிச் நகரில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் (தமிழ் இலக்கியம் விருப்பப் பாடமாகப் படித்துவிட்டு இயந்திரவியலுக்குப் போனவர்) ஒரு பழைய எலீஸ் வைத்திருந்தார். கல்லூரியில் அவருக்கு நாம் கொடுத்த மதிப்பெண்ணுக்குப் பழிவாங்குவது போல் நம்மை அதில் ஏற்றினார். ஏறுவது என்று சொல்வதே பிழை. பக்கச் சட்டம் முழங்கால் உயரம், ஒரு சாண் அகலம். அதைத் தாண்டிக் காலை உள்ளே விட்டு, உடம்பை மடித்து, ஒரு பையைப் பெட்டிக்குள் திணிப்பதுபோல் நம்மை நாமே திணித்துக்கொள்ள வேண்டும். உள்ளே தரை வெற்று அலுமினியம். ஸ்டியரிங்கைத் திருப்ப உதவி மோட்டார் கிடையாது. பிரேக்குக்கும் துணைவிசை கிடையாது. வானொலி இருந்த இடத்தில் ஒரு துளை.

வண்டி நகர்ந்த பத்தாவது நிமிடத்தில் நமக்குப் புரிந்தது, அந்தக் கார் பேசிக்கொண்டே இருக்கிறது என்பது. ஓட்டியவர் இடையில் ஸ்டியரிங்கின்மேல் நம் கையை ஒரு கணம் வைக்கச் சொன்னார். முன்சக்கரம் மிதித்த சிறு கல்லும், தார் மாறும் இடமும், சாலையோரத்து ஈரமும் உள்ளங்கையில் தெரிந்தன. ஜப்பானின் மாஸ்டா பொறியாளர்கள் 1989இல் எம்எக்ஸ்-5 காரைக் கொண்டுவந்தபோது குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாதல் என்ற தம் நாட்டுப் பழந்தொடர் ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டிருந்தார்கள். அன்றுதான் அது விளம்பர வாசகம் அன்று என்று நம்பினோம். இதில் நண்பர் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த அரைமணி நேர இன்பத்தில் எஞ்சினுக்குப் பங்கு மிகக் குறைவு. மாணவர் அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவேயில்லை; நார்ஃபோக்கின் கிராமச் சாலைகள் அதற்குமேல் இடம் தராது. இன்பம் வந்தது எடையின்மையிலிருந்து.

ஆகவே, பெட்ரோல் போவதற்காக நாம் அழவில்லை. இலேசு போவதற்காக அழ ஆயத்தமாக இருக்கிறோம். ஆனால் அந்த இழவுக்குக் காரணம் மின்சாரமா என்றால், பிணப் பரிசோதனை வேறு கதை சொல்கிறது.

முதலில் நண்பரின் பாக்ஸ்டரையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அந்தக் காரின் வழக்கமான வகைகள் 2024இலேயே விற்பனையிலிருந்து விலகிவிட்டன. காரணம் புகை விதி அன்று. வாகனங்களின் மின்னணு அமைப்புகளைக் கணினித் திருடர்களிடமிருந்து காக்க வந்த பாதுகாப்பு விதி. பழைய மின்னணுக் கட்டமைப்பை அவ்விதிக்கு ஏற்றவாறு மாற்றும் செலவு கட்டாது என்று நிறுவனம் விட்டுவிட்டது. மின்சாரம் கொன்றதாகச் சொல்லப்படும் பிணத்தில் காயம் வேறிடத்தில் இருக்கிறது.

அடுத்து, போர்ஷேயின் பரம்பரையைப் பாருங்கள். 1953இல் வந்த 550 ஸ்பைடர் 550 கிலோ அளவிலான கார். 1964இன் முதல் 911 ஆயிரத்துச் சொச்சம் கிலோ. இன்றைய 911 ஒன்றரை டன்னை எட்டிக் கடந்துவிட்டது. இதில் மின்கலம் ஏது? லோட்டஸும் விலக்கில்லை. 725 கிலோவில் பிறந்த எலீஸ், 2021இல் உற்பத்தி நின்றபோது 900 கிலோவை ஒட்டியிருந்தது. அதன் இடத்துக்கு வந்த எமிரா பெட்ரோல் கார்தான். எடை 1,400 கிலோ. அதாவது ஏறக்குறைய இரண்டு எலீஸ். காற்றுப்பைகள், குளிர்சாதனம், சூடேறும் இருக்கை, பத்து ஒலிபெருக்கி, பக்கவாட்டு மோதல் சட்டங்கள், அகலமான சக்கரம், அதைத் தாங்கப் பெரிய அச்சு, அதை நிறுத்தப் பெரிய பிரேக், இவ்வளவையும் இழுக்கப் பெரிய எஞ்சின். இவற்றுள் சில உயிர் காப்பவை. அவற்றோடு நமக்கு வழக்கில்லை. மற்றவை வாங்குபவர் கேட்டார் என்று விற்பவர் சொல்லியும், விற்பவர் கொடுத்தார் என்று வாங்குபவர் சொல்லியும் வந்து சேர்ந்த கொழுப்பு. ஐம்பது ஆண்டுகளாகப் பெட்ரோல் குடித்தே இந்த உடம்பு பெருத்தது.

இனி மின்சாரத்தின் பக்கம். அதன் ஆதரவாளர்களோடும் நமக்குச் சண்டை உண்டு என்பதால் உண்மையை மறைக்காமல் சொல்கிறோம். பெட்ரோல் ஓர் அற்புதமான பொருள். ஒரு கிலோவில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றலை அடக்கி வைத்திருக்கிறது. கார்களில் இடம்பெறும் மின்கலப் பொதி ஒரு கிலோவில் அடக்குவது 0.16 அளவு, நல்ல பொதியானால் சற்று மேலே. எஞ்சின் தனக்குக் கிடைப்பதில் முக்கால் பங்கை வெப்பமாக வீணடிக்கிறது, மின் மோட்டார் பத்தில் ஒரு பங்கைத்தான் வீணடிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 40 லிட்டர் டாங்கில் இருக்கும் 30 கிலோ பெட்ரோல் செய்யும் வேலைக்கு 600 கிலோ மின்கலம் வேண்டும். மேலும் பெட்ரோல் ஓட ஓடக் குறையும். மின்கலமோ வெறுமையானாலும் நிறைந்திருந்தாலும் ஒரே பாரம். இது இயற்பியல், வாதத்தால் மாற்ற முடியாது.

ஆனால் இந்தக் கணக்கின் முதல் வரியிலேயே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. 40 லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலையை ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஏன் செய்ய வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மலைச்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வண்டி அது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரே மூச்சில் போக அதை எவரும் வாங்குவதில்லை. எழுநூறு எண்ணூறு கிலோ எடையுள்ள சிறு காருக்குக் கிலோமீட்டருக்கு 130 வாட் மணி என்று தாராளமாகவே கொள்வோம். 25 கிலோவாட் மணி மின்கலம் இருந்தால் 190 கிலோமீட்டர். அந்த மின்கலத்தின் எடை 160 கிலோவுக்குள். மோட்டாருக்கும் அதன் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் ஒரு 80 கிலோ. கழிப்பவை எஞ்சின், கியர்பெட்டி, புகைக்குழாய், ரேடியேட்டர், டாங்க், அதிலுள்ள பெட்ரோல்: நூற்றைம்பதிலிருந்து இருநூறு கிலோ. ஆக ஏற்றம் நாற்பதிலிருந்து தொண்ணூறு கிலோ. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒருவர் ஏறி உட்கார்ந்ததுபோல. பந்தயத் தடத்தில் முழு விசையில் ஓட்டினால் மின்சாரம் பலமடங்கு வேகத்தில் தீரும் என்பது உண்மையே. அது தடத்துக்குப் போகும் சிறுபான்மையினரின் சிக்கல். அதற்கு விரைந்து நிரப்பும் மின்கலமே மருந்து. அதைப் பின்னர் பார்ப்போம்.

இது நம் கைக்கணக்கு. இதற்கு ஊரறிந்த ஒரு சாட்சியும் இருக்கிறது. 2008இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர். எலீஸின் அடிச்சட்டத்தை ஒட்டிச் செய்த கார். இதே நார்ஃபோக்கின் ஹெத்தல் கிராமத்தில், போர்க்கால விமானதளத்தில் 1966 முதல் இயங்கும் லோட்டஸ் ஆலையில்தான் அதன் உடல் கூட்டப்பட்டது. எஞ்சின் இடம் காலியாக அமெரிக்கா போய், அங்கே மின்கலமும் மோட்டாரும் ஏறின. 2012 வரை 2,450 அளவில் செய்தார்கள். மொத்த எடை 1,235 கிலோ. அதில் மின்கலம் மட்டும் 450 கிலோ. 53 கிலோவாட் மணி. மடிக்கணினியில் இருப்பது போன்ற 6,831 சிறு உருளைகள். இப்போது கழித்துப் பாருங்கள். 785 கிலோ. மின்சாரம் என்ற பெயரால் பாரம் ஏறியது எங்கே என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. முழுக்க முழுக்க அந்தப் பெட்டியில். அந்தப் பெட்டி ஏன் அவ்வளவு பெரிது? ஏறத்தாழ 390 கிலோமீட்டர் தொலைவு என்று விளம்பரத்தில் போட வேண்டியிருந்தது. மின்சாரக் கார் பாதியில் நின்றுவிடும் என்ற அச்சத்தை முறிக்க வேண்டிய காலம். முன்னோடிக்கு அந்த நியாயம் உண்டு. அதைக் குறைசொல்ல மாட்டோம். அந்த நிறுவனம் 2017இல் அடுத்த ரோட்ஸ்டரை 2020இல் தருவதாகச் சொல்லி, அந்த ஆண்டு வந்து போனதையும், இடையில் 2018இல் பழைய கார் ஒன்றை ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பியதையும் வேண்டுமானால் குறைசொல்லலாம். எடையற்ற நிலையை எட்டுவதற்கு அது ஒரு வழிதான்.

முன்னோடிக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அந்த நியாயம் கிடையாது. 2017இல் சீனத்தின் கீலி நிறுவனத்தின் கைக்கு வந்த லோட்டஸ், 2022இல் எலெட்ரே என்ற மின்சாரக் காரை வெளியிட்டது. வூஹானில் செய்யப்படும் உயரமான குடும்ப ஊர்தி. எடை கிட்டத்தட்ட இரண்டரை டன். தராசின் மறுதட்டில் முதல் எலீஸ்கள் மூன்றை ஏற்றினாலும் தட்டு சமமாகாது. விற்பதில் தவறில்லை, யானை வளர்ப்பவர் யானை விற்கலாம். மான் படம் போட்ட பலகையின் கீழ் விற்பதுதான் உறுத்துகிறது. எம்ஜி என்ற பழைய ஆங்கிலப் பெயர் இன்று சீனத்தின் சாயிக் குழுமத்திடம் இருக்கிறது. அதன் சைபர்ஸ்டர் இருவர் அமரும் திறந்த கார். 2025இல் இந்தியாவிலும் எழுபது லட்சத்துக்கு மேலான விலையில் விற்பனைக்கு வந்தது. இரட்டை மோட்டார் வகையின் எடை இரண்டு டன்னுக்குச் சற்றே குறைவு. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் விற்ற எம்ஜிபி என்ற பழைய திறந்த கார் ஒரு டன்னுக்கும் குறைவு. இரண்டைச் சேர்த்து நிறுத்தினாலும் இந்த ஒன்றின் எடைக்கு வராது. ஆனால் பூச்சியத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை மூன்று நொடிச் சொச்சத்தில் எட்டும் என்கிறார்கள். எட்டட்டும். நம் ஊர் ராட்டினம்கூட வயிற்றைப் புரட்டும்; அதை யாரும் ஓட்டுவதாகச் சொல்வதில்லை.

இந்த நொடிக் கணக்குதான் மின்சாரத்தின் ஆதரவாளர்களை மயக்கிய மது. வேகமுடுக்கம் என்பது மோட்டாருக்கு மிக எளிய வித்தை. நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தருவது அதன் பிறவிக்குணம். 1899 ஏப்ரலில், பாரிஸுக்கு அருகில், காமீய் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய முதல் சாலை வாகனத்தை ஓட்டினார். அது மின்சார வண்டி. அதற்குப் பிரெஞ்சில் ‘என்றும் நிறைவுறாதவள்’ என்று பெயர். பெயர் வைத்தவர் தீர்க்கதரிசி. நூற்று இருபத்தைந்து ஆண்டுகளாகியும் அந்தக் குலத்தவர் நேர்க்கோட்டு வேகத்தில் நிறைவடையவில்லை. வளைவு வரும்போது என்ன செய்வது? எடை இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலும் இரட்டிக்கிறது. டயர் சாலையைப் பற்ற வேண்டிய விசையும் இரட்டிக்கிறது. அதற்கு அகலமான டயர், அதைத் திருப்ப மோட்டார், மோட்டார் மழுங்கடித்த உணர்வை ஈடுசெய்ய ஒரு கணினி. ஓட்டுபவருக்கும் சாலைக்கும் நடுவில் இத்தனை துபாஷிகள்! நம் மாணவரின் எலீஸில் ஒருவரும் இல்லை.

இன்னும் ஒரு கூத்து இருக்கிறது. ஹூண்டாய் நிறுவனம் 2023இல் கொண்டுவந்த அயோனிக் 5 என் என்ற மின்சாரக் காரில், இல்லாத கியர்கள் மாறுவதுபோல் மோட்டார் குலுக்கிக் காட்டும். இல்லாத எஞ்சினின் உறுமலை ஒலிபெருக்கி உறுமும். எடை இரண்டு டன்னுக்கு மேல். நல்ல கார் என்றும், அந்த வித்தை உண்மையிலேயே ஓட்டுபவருக்கு உதவுகிறது என்றும் ஓட்டியவர்கள் எழுதுகிறார்கள். பொய் சொல்வதாக நாம் நினைக்கவில்லை. ஆயினும் கணவனை இழந்தவள் அவன் குரலைப் பதிவு செய்து வைத்துச் சமையலறையில் ஒலிக்கவிடுவது போன்ற ஒரு துயரம் அதில் இருக்கிறது. நண்பரின் இரங்கற்பாவும் இந்தத் தயாரிப்பும் ஒரே இடத்தில் பிழை செய்கின்றன. இரண்டும் ஸ்போர்ட்ஸ் காரின் உயிர் சத்தத்தில் இருந்தது என்று நம்புகின்றன.

சத்தம் இல்லாமல் தேர் விட முடியாதா? அகநானூற்றின் நான்காம் பாட்டில் ஒரு தலைவன் வருகிறான். பூத்த சோலையில் துணையோடு தேனுண்டிருக்கும் வண்டுகள் கலங்கிவிடக்கூடாதே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அவன் விரைந்துதான் வருகிறான், காத்திருப்பவள் இருக்கிறாள். மணி ஒலிக்காததால் தேரோட்டம் சிறுத்துப்போனதாகப் பாடியவர் நினைக்கவில்லை. வகுப்பில் இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம். பின்வரிசைப் பையன்கள் சைலன்சரைக் கழற்றிய தத்தம் மோட்டார் சைக்கிளை நினைத்துச் சிரிப்பார்கள். நார்ஃபோக்கின் வயல்வெளியில் எலீஸ் போனபோது வேலியோரத்துப் பறவைகள் எழும்பிப் பறந்ததைப் பார்த்தோம். ஓசையற்ற எலீஸ் என்று ஒன்று இருந்திருந்தால் அவை அமர்ந்தே இருந்திருக்கும். நமக்குக் கையில் தெரிந்த சாலை அப்படியேதான் தெரிந்திருக்கும்.

இனி, இந்தச் சண்டையில் எவரும் வாய்திறக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நண்பருக்கு அழ வேண்டுமென்றால் அழவேண்டிய இடம் இதுதான். பிரிட்டன் அரசு 2030க்குப் பின் புதிய பெட்ரோல் கார் விற்பனைக்குத் தடை வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் அதில் ஒரு விலக்கு அறிவித்தது: மெக்லாரன், ஆஸ்டன் மார்ட்டின் போன்ற சிறு எண்ணிக்கை உற்பத்தியாளர்களுக்கு மின்சார இலக்கு பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளிலும் ஆண்டுக்கு ஆயிரம் கார்களுக்குக் குறைவாகச் செய்பவர்களுக்கு விலக்கு உண்டு. லோட்டஸ் செவனின் உரிமையை 1973இல் வாங்கி இன்றுவரை அதையே செய்துவரும் கேட்டர்ஹாம் போன்ற பட்டறைகளும் இந்த நிழலில் ஒதுங்கும். அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் விளைவைப் பாருங்கள். கோடிக்கணக்கில் விலையுள்ள பன்னிரண்டு சிலிண்டர் காரை வாங்குபவர் தொடர்ந்து உறுமலாம். 2016இல் பத்து லட்சமாவது வண்டியைக் கண்ட மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறதே, பள்ளி ஆசிரியரும் செவிலியரும் தபால்காரரும் சேமித்து வாங்கிய கார், அது பெரிய எண்ணிக்கையில் விற்பதாலேயே விலக்குக்குள் வராது. போர்ஷே தன் 718இன் உயர்விலை வகைகளுக்கு எஞ்சினைத் தொடரப்போவதாக 2025இல் சொன்னதையும் இதனோடு சேர்த்துப் படிக்கலாம். எஞ்சின் மாளிகைக்குள் போகிறது. வெளியே நிற்பவனுக்கு இரண்டு டன் பெட்டி.

இலேசான கார் என்பது அடிப்படையில் ஏழையின் தந்திரம். சாப்மனிடம் பெரிய எஞ்சின் வாங்கக் காசு இல்லை. அதனால் எடையைக் குறைத்தார். செவனைப் பலர் பெட்டியில் உதிரிப்பாகங்களாக வாங்கிக் கொட்டகையில் தாமே பூட்டினார்கள். அப்படி வாங்கினால் அன்றைய பிரிட்டனில் வரி மிச்சம். குறைந்த பொருள், குறைந்த விலை, நிறைந்த இன்பம். மின்சாரத்துக்கு மாறும்போது காப்பாற்ற வேண்டியது இந்த மூன்றும் சேர்ந்த முடிச்சை. பெரிய மின்கலம் முதலில் அறுப்பது அதைத்தான். காரின் விலையில் பெரும்பங்கு மின்கலம். தொலைவுக்கான வெறி எடையை ஏற்றுகிறது, எடை விலையை ஏற்றுகிறது, விலை ஏறியபின் வாங்குபவர் அதற்கேற்ற சொகுசைக் கேட்கிறார், சொகுசு மறுபடி எடையை ஏற்றுகிறது. பெட்ரோல் கார் ஐம்பது ஆண்டில் அடைந்த ஊதலை மின்சாரக் கார் பதினைந்தே ஆண்டில் அடைந்துவிட்டது.

மாற்று இல்லாமல் இல்லை. பிரெஞ்சு நிறுவனமான ஆல்பைன் தன் ஏ110 காரை 2022இல் மின்சாரத்துக்கு மாற்றிச் சோதனை வண்டி ஒன்று செய்தது. பெட்ரோலுக்கென்றே வடித்த உடலில் மின்கலங்களைப் பிரித்துத் திணித்தும், எடை 1,378 கிலோவில் நின்றது. ஏறியது 258 கிலோ மட்டும். கேட்டர்ஹாம் 2023இல் மின்சார செவன் ஒன்றைச் செய்து 700 கிலோவுக்குள் அடக்கினோம் என்றது. அதன் இலக்கு நமக்குப் பிடித்திருந்தது: தடத்தில் இருபது நிமிடம் ஓட்டம், பதினைந்து நிமிடம் மின்னேற்றம், மறுபடி இருபது நிமிடம் ஓட்டம். எத்தனை கிலோமீட்டர் போகும் என்ற கேள்வியை அவர்கள் மதிக்கவே இல்லை. லாங்போ என்ற புதிய பிரிட்டிஷ் நிறுவனம் 2025இல் 895 கிலோவிலும் 995 கிலோவிலும் இரண்டு மின்சாரக் கார்களை அறிவித்தது. அறிவிப்புக்கும் தெருவுக்கும் உள்ள தொலைவை நாம் மறக்கவில்லை. 2021இல் லோட்டஸும் ஆல்பைனும் சேர்ந்து ஒரு மின்சார ஸ்போர்ட்ஸ் கார் செய்வதாகக் கைகுலுக்கி, பிறகு ஓசையின்றிப் பிரிந்ததும் நினைவிருக்கிறது.

இவற்றுள் நம்மை மிகவும் ஈர்த்தது நயோபோல்ட் என்ற கேம்பிரிட்ஜ் மின்கல நிறுவனத்தின் சோதனைக் கார். மின்கலம் 35 கிலோவாட் மணி. டெஸ்லா ரோட்ஸ்டரில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் பத்து விழுக்காட்டிலிருந்து எண்பதுக்கு ஐந்து நிமிடத்துக்குள் நிரம்பும் என்று 2024இல் ஓட்டிக் காட்டினார்கள். தேநீர் ஆறுவதற்குள் வண்டி ஆயத்தம். விரைவில் நிரம்பும் என்றால் சிறிதாக இருந்தால் போதும். சிறிதாக இருந்தால் இலேசு. காரின் எடை 1,250 கிலோவுக்குள் என்றார்கள். நமக்கு அது இன்னும் பாரம்தான். அந்தக் காரின் உருவத்தை வரைந்தவர் ஜூலியன் தாம்சன். 1996இன் முதல் எலீஸை வரைந்தவரும் அவரே. பெட்ரோல் போனால் இலேசும் போய்விடும் என்று அவர் நினைத்திருந்தால் அந்தப் பென்சிலை எடுத்திருக்க மாட்டார்.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரையில் எஞ்சினின் வகை எதுவாயினும் முதல் பத்தியில் காரின் எடையை எழுதுங்கள். அதன்பின் அழுவதா, ஏசுவதா என்று முடிவு செய்யலாம். நம் மாணவரிடம் சென்ற மாதம் தொலைபேசியில் பேசினோம். எலீஸை இன்னும் வைத்திருக்கிறார். கூரைத் துணி கிழிந்து மழைநீர் இருக்கையில் சொட்டுகிறதாம். மின்சாரத்துக்கு மாறுவீர்களா என்று கேட்டதற்கு, எண்ணூறு கிலோவுக்குக் கீழே எவராவது கொண்டுவந்தால் அன்றே முன்பணம் கட்டுவேன் என்றார். அதுவரைக்கும் கூரையைத் தைக்கப் போகிறாராம்.